மண்ணில்லாக் காய்கறித் தோட்டத்திற்கு நீர்வழி அமைத்தல்

செடியொன்று உயிர்வாழ்வதற்கு இன்றியமையாதன யாவை என்று ஆராயுங்கால், ஒளி, காற்று, நீர், உப்புச்சத்துக்கள், வேர் பற்றி நிற்க ஒரு பிடிப்பு ஆகிய ஐந்துமே என்பது புலனாகும். மண் இவற்றுள் ஒன்றன்று. பின்னைய மூன்றையும் தன்பால் சேமித்து வைத்துக்கொண்டு, வேளையறிந்து செடிக்கு ஊட்டும் செவிலித்தாயே மண் எனலாம். அச்செவிலியை விலக்கிவிட்டுச் செடி வளர்க்கப் புகுவோர், அவள் செய்துவந்த ஊழியம் அனைத்தையும் தாமே ஏற்றுக்கொள்ளல் வேண்டும். அவற்றுள் தலையாயது நீரூட்டும் ஊழியம். மண்ணில்லாத் தோட்டத்தில் அதனைச் செய்வன குழாய்களே. ஆதலின், புதுவை நகரத்து வீட்டு மாடியொன்றில் 48 செடிகள் வளர்தற்கேற்ற சிறு தோட்டத்திற்கு நீர்வழி வகுப்பது எங்ஙனம் என்பதனை ஈண்டு ஆராய முற்படுகின்றோம்.

இக்கலை வந்த வழி

1860ஆம் ஆண்டையொட்டி, ஜெர்மானிய அறிஞராகிய சாக்ஸ், நாப் என்னும் இருவர், உப்புக்களைக் கரைத்த நீரிலேயே செடிகளை வளர்த்துக் காட்டினர். நெடுங்காலம் இது ஆய்வுசாலைக்குள் அடங்கிக் கிடந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கெரிக் என்பார் 1929 முதல் அதனைப் பயிர்த்தொழிலாக்க முயன்று, 1937இல் ஹைட்ரோபானிக்ஸ் என்னும் பெயரை அதற்கு வழங்கினார். நீர், உழைப்பு என்னும் பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது.

நம் நாட்டில் இம்முயற்சி 1946இல் வங்கத்து மலையூராகிய காலிம்போங்கில் தொடங்கிற்று. அதனை நடத்திய ஷோல்ட்டோ டக்ளஸ் என்னும் ஆங்கிலேயர், பொறிகளும் குழாய்களும் வாங்க இயலாத எளிய குடும்பத்தாருக்கும் இக்கலை எட்டவேண்டும் என்று கருதினார். ஆகவே கல்லும் மணலும் கலந்து நிரப்பிய தொட்டிகளில் உரத்தைத் தூவி, அதன்மேல் நீர் தெளிக்கும் எளிய முறையொன்றை வகுத்தார். அது வங்கமுறை என்று பெயர் பெற்றது. அதற்கு நேர்மாறாக, இங்கிலாந்தில் ஆலன் கூப்பர் என்பவர் வகுத்து 1970களில் பரவிய முறையோ, முற்றிலும் குழாயையும் பம்பையும் நம்பியது. சரிந்த கால்வாயில் சில மில்லிமீட்டர் ஆழமே உள்ள மெல்லிய நீர்ப்படலம் இடையறாது ஓட, வேர்கள் அதன்மேல் பாய்போல் படர்ந்து வளரும். இன்று கடைகளில் விற்கப்படும் தோட்டக்கருவிகளிற் பல இக்கூப்பர் முறையைத் தழுவியவையே.

இவ்விரண்டனுள் நமக்கேற்றது எது? வங்கமுறை ஆபத்தற்றது, ஆனால் கல்லும் மணலும் பாரம் மிக்கவை. கூப்பர் முறை இலேசானது. ஆனால் ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே நீரெல்லாம் வடிந்து வேர் வெறுமையாகிவிடும். சித்திரை வைகாசி வெயிலில், நண்பகல் வேளையில், மின்சாரம் இரண்டு மணிநேரம் நின்றால், ஒரு மாதத்து உழைப்பு மாலைக்குள் வாடிவிடக்கூடும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயலுக்குப் பின்னர், இப்பகுதியில் பல நாட்கள் மின்சாரம் இல்லாதிருந்ததை மறந்தாரிலர்.

ஆதலின் நாம் கூறவந்த கொள்கை இதுவே: நீர்வழியொன்றின் நன்மை தீமைகளை, பம்பு ஓடும்போது பார்த்து மதிப்பிடுதல் கூடாது, அது நின்றபோது பார்த்தே மதிப்பிடல் வேண்டும்.

இயந்திரமின்றி நீர் கொணரும் வித்தைக்கு நம் நகரம் புதியதன்று. நகரின் நடுவேயுள்ள பாரதி பூங்காவில் வெண்ணிறமாய் விளங்கும் ஆயி மண்டபம் அதற்குச் சான்று. பிரான்சு நாட்டை மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில் (1852-1870), லமைரேஸ் என்னும் பொறியாளர் முத்திரைப்பாளையத்து ஊற்றுநீரை வாய்க்கால் வழியே நகருக்குக் கொண்டுவந்தார். தன் மாளிகையை இடித்து அவ்விடத்தில் நீர்நிலை கண்டவள் என்று செவிவழிக்கதை புகழும் ஆயி என்னும் மாதின் பெயரையே அம்மண்டபம் தாங்கி நிற்கின்றது. அந்நீரை நகருக்குள் நடத்திவந்தது நிலத்தின் சரிவேயன்றி வேறொன்றில்லை. மேலிருந்து கீழே நீர் தானே செல்லும். கீழிருந்து மேலே செல்லவே பொறி வேண்டும். நம் தோட்டத்திலும் பம்பு செய்யவேண்டுவது ஏற்றமொன்றே. மற்றவற்றையெல்லாம் நீரின் இயல்பிடமே விட்டுவிடல் வேண்டும்.

இடமும் பாரமும்

முதற்கண் மாடியின் வலிமையை அறிதல் வேண்டும். புதுவையின் பழைய வீடுகள் பலவற்றின் மாடி, மரச்சட்டங்களின்மேல் செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்திக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வகையினது. ஒரு சதுர மீட்டரில் 30 செ.மீ. உயரம் ஈரமண் நிரப்பினால் ஏறத்தாழ 500 கிலோ கனக்கும். பழைய மரச்சட்டங்களின்மேல் அதனை ஏற்றுவது தகாது. நம் குழாய்த் தோட்டமோ நீரும் தாங்கியும் உட்பட அதனினும் மிகக் குறைந்த பாரமே உடையது. ஆயினும் தொட்டியைச் சுவருக்கு நேர்மேலாக வைத்தல் வேண்டும். சட்டங்களின் நடுவே வைத்தல் ஆகாது. சட்டம் உளுத்த வீடாயின், கட்டிடம் அறிந்த பொறியாளர் ஒருவரைக் கேளாமல் யாதொன்றும் ஏற்றற்க.

குழாய்களின் அளவு

கடையில் நாலங்குலக் குழாய் என்று கேட்டால் கிடைக்கும் 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய் நமக்கு ஏற்றது. 6 மீட்டர் நீளமுள்ள இரண்டு குழாய்களைப் பாதியாக அறுத்தால், 3 மீட்டர் நீளத்தில் நான்கு கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 25 செ.மீ. இடைவெளியில் இரண்டங்குல அகலத் துளைகள் 12 இடலாம். நான்கிலும் சேர்ந்து 48 செடிகள். சிறுகீரை, பசலை, பாலக்கு, புதினா, சாலடுக் கீரை முதலியவற்றிற்கு இது போதும். தக்காளி, கத்தரி முதலியவை பெருவேருடையன. அவற்றைத் தனி வாளிகளில் வைத்தலே நன்று.

இனிக் கணக்குப் பார்ப்போம். குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 10.4 செ.மீ. என்று கொள்வோம். கூப்பர் முறையில் 3 மில்லிமீட்டர் படலமாக நீர் ஓடினால், 3 மீட்டர் குழாயில் உள்ள நீர் ஏறத்தாழ 200 மில்லிலிட்டரே. அதே குழாயில் பாதி உயரத்திற்கு நீர் நின்றால் அதன் அளவு 12.7 லிட்டர். வளர்ந்த கீரைச்செடியொன்று கோடையில் நாளொன்றுக்குக் கால் லிட்டர் நீர் உண்பதாகக் கொண்டால், 12 செடிகளுக்கு வேண்டுவது 3 லிட்டர். முதல் முறையில் நீர் இரண்டு மணிநேரத்திற்கும் காணாது; அதுவும் வடியாதிருந்தால்தான். இரண்டாம் முறையிலோ அளவினால் நோக்கினால் நான்கு நாட்களுக்கு நீர் உண்டு. ஒரே குழாய், ஒரே செடிகள், நீர்மட்டம் மாறியதொன்றே இவ்வேற்றுமைக்குக் காரணம்.

நீர் நிரம்பி நிற்பின் வேர் அழுகாதோ என்று மாணவர் வினவலாம். தக்க வினாவே. வேருக்கு நீரைப்போன்றே பிராணவாயுவும் வேண்டும். ஆதலினாற்றான் குழாயை முழுதும் நிரப்பாது பாதியளவில் நிறுத்துகின்றோம். மேற்பாதி வேர்கள் ஈரக்காற்றில் நிற்கும். கீழ்ப்பாதி நீரில் நிற்கும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக் கிராட்கி என்பார், பம்பே இல்லாமல், தொட்டியில் நீர்மட்டம் தாழத்தாழ மேல்வேர் காற்றை உண்ணுமாறு விட்டுக் கீரை விளைவித்துக் காட்டியமை இதற்குத் துணைச்சான்றாகும்.

நீர்மட்டத்தை நிறுத்தும் முறை

குழாயின் வால்முனையில் பொருத்தும் மூடியில், அடிப்பக்கத்தை ஒட்டி ஒரு துளையிட்டு, ஓரங்குல அளவுள்ள சிறு குழாய்த்துண்டு ஒன்றை நீர் கசியாதவாறு இணைத்திடுக. அத்துண்டின் வெளிமுனையில், கடைக்காரர் எல்போ என்று வழங்கும் முழங்கைத் துண்டு ஒன்றைப் பசையிடாமல், இறுகச் செருகி, வாய் மேல்நோக்குமாறு நிறுத்துக. அதன் வாய் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அவ்வளவு உயரத்திற்கே குழாய்க்குள் நீர் நிற்கும், மிகுதி வழிந்துவிடும். இளங்கன்றின் வேர் குறுகியதாதலால், முதலில் வாயை 6 செ.மீ. உயரத்தில் வைத்து, வேர் நீண்டபின் சற்றே சாய்த்து 5 செ.மீ. ஆக்கலாம். குழாயைக் கழுவ வேண்டுங்கால் முழங்கையை முழுதும் கீழ்நோக்கித் திருப்பினால் நீரெல்லாம் வடிந்துவிடும். ஒரே துண்டு மட்டங்காட்டியாகவும், மதகாகவும், வடிகாலாகவும் பயன்படுதல் காண்க.

இவ்வகைக் குழாயைச் சரித்து வைத்தலாகாது. கூப்பர் முறைக்கு 100க்கு 1 முதல் 40க்கு 1 வரையிற் சரிவு வேண்டும். நம் முறைக்கோ சமமட்டம் வேண்டும். 3 மீட்டர் குழாய்க்கு 5 செ.மீ. சரிவு கொடுத்தால், வால்முனையில் 5 செ.மீ. நீர் நிற்க, தலைமுனை வறண்டு கிடக்கும். கொத்தனாரின் ரசமட்டத்தை ஒவ்வொரு தாங்கியின்மேலும் வைத்துப் பார்த்தே குழாயைக் கிடத்துக. தாங்கிகள் ஒரு மீட்டருக்கு ஒன்றேனும் இருத்தல் வேண்டும். இன்றேல் வெயிலில் குழாய் தொய்ந்து, நடுவே பள்ளம் விழும்.

ஏற்றும் வழி

நான்கு குழாய்களையும் பாம்புபோல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுப்பது பலர் வழக்கம். அது குழாயின் செலவைக் குறைக்கும். ஆயின் ஓரிடத்தில் வேர் அடைத்தால் நான்கும் கெடும். கடைசிச் செடிக்குச் சேரும் நீரில் பிராணவாயுவும் குறைந்திருக்கும். ஆகையால் பொதுக்குழாய் ஒன்றிலிருந்து நான்கு கிளைகள் பிரித்து, கிளைதோறும் ஒரு சிறு வால்வு வைத்து, ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியே நீர் விடுக. ஒன்றைக் கழுவும்போது மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

குழாயொன்றுக்கு நிமிடத்திற்கு 2 லிட்டர் வீதம் நான்கிற்கும் 8 லிட்டர். மணிக்கு 480 லிட்டர். தொட்டியின் நீர்மட்டத்திலிருந்து ஏற்றம் 1.2 மீட்டர் என்க. இவ்வேலைக்கு உண்மையில் வேண்டும் ஆற்றல் 2 வாட்டுக்கும் குறைவே. சிறு பம்புகள் தாம் உண்ணும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வீணாக்குவதனாலேயே 18 அல்லது 20 வாட்டுப் பம்பு தேவைப்படுகின்றது. பம்பின்மேல் அச்சிட்ட எண்களைக் கண்டு ஏமாறற்க. மணிக்கு 1,000 லிட்டர், ஏற்றம் 2.4 மீட்டர் என்று எழுதியிருந்தால், 1,000 லிட்டர் என்பது ஏற்றமே இல்லாதபோது வருவது, 2.4 மீட்டர் என்பது நீர் வாராது நிற்கும் உயரம். பாதி உயரத்தில் ஏறத்தாழப் பாதி நீரே கிடைக்கும். ஆதலால் கணக்கிற்கு வேண்டியதைவிடச் சற்றுப் பெரியதையே வாங்குக.

நாள் முழுதும் பம்பு ஓடவேண்டுவதில்லை. குழாய்களில் நீர் நிற்பதால், மணிக்குக் கால்மணி நேரம் ஓடினாலே போதும். 18 வாட்டுப் பம்பு இடையறாது ஓடினால் நாளொன்றுக்கு 0.43 யூனிட்டு செலவாகும். இவ்வாறு ஓடினால் 0.11 யூனிட்டே ஆகும்.

ஈண்டு ஒரு நுட்பம் கருதத்தக்கது. நீர்விடும் கிளையின் வாய் குழாய் நீருக்குள் அமிழ்ந்திருந்தால், பம்பு நின்றவுடன் நீர் அவ்வழியே திரும்பி உறிஞ்சப்பட்டுத் தொட்டிக்கு இறங்கிவிடும். இதனைச் சைபன் என்பர். நாம் அரிதிற் சேமித்த நீரெல்லாம் இங்ஙனம் இழந்துபோகும். கிளைவாயை நீர்மட்டத்திற்கு மேல் இரண்டு விரற்கடை உயர்த்தி வைத்தால் இத்தீங்கு நேராது. மேலிருந்து விழும் நீர் காற்றையும் கலந்துகொள்ளும்.

இறங்கும் வழி

ஏற்றுங் குழாயில் நீர் பம்பின் உந்துதலால் ஓடுகின்றது. ஆதலின் முக்கால் அங்குலக் குழாயே போதும். இறங்கும் நீருக்கோ தன் பாரமன்றி வேறு துணையில்லை. வேர்த்துணுக்கும் பாசியும் அதனோடு சேர்ந்து வரும். ஆகவே திரும்புங் குழாய் ஒன்றரை அங்குலத்திற்குக் குறைதல் கூடாது. நான்கு முழங்கைகளும் வழியும் நீரைப் பாதியாகக் கீறிய குழாய்வாய்க்கால் ஒன்றில் ஏற்று, ஒளி புகாதபடி மூடி, சரிவாகத் தொட்டிக்கு நடத்துக. அது தொட்டிநீரின்மேல் ஒரு சாண் உயரத்தினின்று விழுமாறு செய்தால், வேறு காற்றூட்டும் கருவி பெரும்பாலும் வேண்டா.

நான்கு குழாய்களில் 51 லிட்டர் நிற்கும். குழாய்களைக் கழுவும் நாளில் அத்தனையும் தொட்டிக்குள் இறங்கக்கூடும். ஆகையால் தொட்டி 121 லிட்டருக்கு மேற்பட்டுக் கொள்வதாய் இருந்து, நாடோறும் 70 லிட்டர் அளவே நிரம்பியிருத்தல் வேண்டும்.

பித்தளை, செம்பு, துத்தநாகம் பூசிய இரும்பு ஆகியவற்றால் ஆன உறுப்பு எதனையும் இவ்வழியிற் சேர்த்தலாகாது. உரநீர் சிறிது புளிப்புடையதாதலால் அவ்வுலோகங்கள் கரைந்து வேருக்கு நஞ்சாகும். பிளாஸ்டிக் உறுப்புக்களே தக்கன.

வெயிலும் மழையும்

நீர் வெப்பமுறுந்தோறும் அதிற் கரையும் பிராணவாயு குறையும். 20 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் கரையும்; 30 பாகையில் 7.6 மில்லிகிராமே கரையும். வேரழுகல் நோயும் வெந்நீரில்தான் விரைந்து பரவும். ஆகவே குழாய்களின் வெளிப்புறத்திற்கு வெள்ளை பூசுக. பாதி வெயிலைத் தடுக்கும் நிழல்வலையைக் கோடையில் விரித்திடுக. தொட்டியை மாடிப்படிக்கூண்டின் வடபுறத்து நிழலில் வைத்து, ஈரச்சாக்குச் சுற்றுக.

மழையோ வேறுவகைத் தீங்கு செய்யும். 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுவையருகே கரையேறிய ஃபெஞ்சல் புயலின்போது, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேற்பட்ட மழை பெய்தது. கால் சதுர மீட்டர் வாயுள்ள தொட்டி அன்று திறந்து கிடந்திருப்பின், 100 லிட்டர் மழைநீர் அதனுள் விழுந்து உரநீரை அடித்துச் சென்றிருக்கும். தொட்டிக்கு மூடி ஆடம்பரமன்று, உறுப்பேயாகும்.

உவர்நீரும் மழைநீரும்

இனிக் கூறுவது புதுவைக்கே உரிய இடர். கடற்கரையை அடுத்த கிணறுகள் பலவற்றில் உவர் ஏறியுள்ளது. அந்நீரை ஊற்றினால் விளைவது யாது? செடி நீரையும் உரத்தையும் உண்ணும். உப்பிலுள்ள சோடியத்தையோ பெரும்பாலும் உண்ணாது விட்டுவிடும். நம் 48 செடிகள் நாளொன்றுக்கு 12 லிட்டர் உண்ண, அதனை நாம் நிரப்பிவர, 30 நாட்களில் 360 லிட்டர் சேர்ப்போம். குழாயிலும் தொட்டியிலும் உள்ள நீர் 120 லிட்டரே. அப்போது அதிலுள்ள சோடியம் தொடக்கத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்காகியிருக்கும். முதல்நாள் இனிதாயிருந்த நீர் மாத முடிவில் கடலை நோக்கிச் சென்றிருக்கும்!

இதற்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று, தொட்டியின் அடியில் வடிகால் வால்வு வைத்து, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை பழைய நீரில் பாதியை நீக்குதல். அதனைச் சாக்கடையில் விடாமல் முற்றத்துத் தென்னைக்கோ வாழைக்கோ பாய்ச்சுக. மற்றொன்று, மழைநீரைச் சேமித்தல். ஐப்பசி கார்த்திகை மழையைக் கொண்டு, தை முதல் ஆனி வரை 180 நாட்களுக்கு வேண்டும் 2,160 லிட்டரைச் சேர்த்தல் அரிதன்று. 20 சதுர மீட்டர் மாடியில் 11 செ.மீ. மழை பெய்தாலே அவ்வளவு நீர் விழும். ஆனால் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட அப்பாரம் தரையில் நிற்கவேண்டுமேயன்றி மாடியில் நிற்றலாகாது. நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் சிறு கருவி ஒன்றும், புளிப்பை அளக்கும் கருவி ஒன்றும் கைவசம் இருத்தல் வேண்டும். கீரைகளுக்கு உரநீரின் கடத்துதிறன் 1.2 முதல் 2.0 மில்லிசீமென்ஸ் வரையிலும், பி.எச். 5.5 முதல் 6.5 வரையிலும் இருப்பது நன்று. உரமிடுமுன்னரே கிணற்றுநீர் 1.0 காட்டுமாயின், உரத்திற்கு இடமேது?

நிறுத்திப் பார்க்கும் தேர்வு

அமைத்து முடித்தவுடன் செடி வைத்துவிடற்க. முதல்நாள் வெறுநீர் விட்டு, பம்பை இடையறாது ஓடவிட்டு, இணைப்புத்தோறும் காகிதத்தால் ஒற்றிக் கசிவு பார்க்க. இரண்டாம் நாள் பம்பை நிறுத்துக. நிறுத்திய ஒரு மணிநேரம் கழித்து, நான்கு குழாய்களிலும், தலைமுனை, நடு, வால்முனை ஆகிய மூன்றிடத்தும் குச்சி விட்டு நீர் உயரத்தை அளந்து எழுதுக. பன்னிரண்டு அளவுகளும் 5 செ.மீ.க்கு அண்மையிற் காணின் நீர்வழி தேறிற்று. ஒரு குழாய் முழுதும் குறையின் கசிவோ சைபனோ உளது; ஒரு முனை மட்டும் குறையின் தாங்கியின் மட்டம் பிழை; நடுவிடம் மட்டும் மிகுமாயின் குழாய் தொய்ந்தது. மூன்றாம் நாள் தொட்டியில் 70 லிட்டர் இருக்கும்போதே முழங்கைகள் நான்கையும் கீழே திருப்பி, அது வழியாமல் எல்லாவற்றையும் ஏற்கின்றதா என்று காண்க. இம்மூன்றிலும் தேறிய பின்னரே கன்றுகளை வைத்தல் முறை.

வேதிநூல், தாவரநூல், இயற்பியல் ஆகிய மூன்றையும் மாணவர் வகுப்பில் வெவ்வேறு மணியில், வெவ்வேறு ஆசிரியரிடம் கற்கின்றனர். ஒரு நாலங்குலக் குழாய்க்குள் அம்மூன்றும் ஒருங்கே வந்து கூடுதலை இங்குக் காணலாம். நகரில் நிலம் குறைந்துவருகின்றது. கடலோரத்தில் நன்னீரும் குறைந்துவருகின்றது. ஒருமுறை ஊற்றிய நீரை மீண்டும் மீண்டும் சுற்றிவரச் செய்யும் இக்கலை, வயல்வெளி உழவுக்கு மாற்றாகாது. நெல்லும் பருப்பும் மண்ணிலேதான் விளையவேண்டும். ஆயினும் ஒரு குடும்பத்தின் கீரைக்கு அது போதும். நம் மாணவருள் சிலரேனும் தத்தம் வீட்டு மாடியில் இதனை அமைத்து, தாம் அளந்து எழுதிய பன்னிரண்டு எண்களையும் அடுத்த ஆண்டு மலருக்கு அனுப்புவாராயின், நம் கணக்கு எங்கே பொருந்திற்று, எங்கே திருத்தம் வேண்டும் என்பது அனைவர்க்கும் விளங்கும்.